குருதி வேண்டேன்!

1963-ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலே, ஜார்ஜ்டவுன் பல்கலைக் கழக மருத்துவமனை. கட்டிலிலே கிடக்கிறாள் ஒரு மாது. வயது 25. வயிற்றுக்குள்ளே புண் வெடித்து, உடலிலே ஓடிய குருதியில் மூன்றில் இரண்டு பங்கு வெளியேறிவிட்டது. வீட்டிலே 7 மாதக் குழந்தை. அருகிலே கலங்கி நிற்கும் கணவன். மருந்துண்டு, மருத்துவர் உண்டு, ஏற்றுவதற்குக் குருதியும் உண்டு! ஏற்றினால் பிழைப்பதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்புண்டு என்கின்றனர் மருத்துவர், ஏற்றாவிடில் சாவு. எனினும் ஏற்றவில்லை. ஏன்? “கூடாது” என்கிறாள் அவள். “கூடாது” என்கிறான் கணவன். யெகோவாவின் சாட்சிகள் என்னும் மதக் குழுவைச் சார்ந்தோர் அவ்விருவரும். பிறர் குருதியை உடலில் ஏற்பது ஆண்டவன் கட்டளையை மீறுவதாகும் என்பது அக்குழுவின் போதனை.

மருத்துவமனையின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்கு ஓடினர். முதலிலே கண்ட நீதிபதி ஆணையிட மறுத்தார். மேல் நீதிமன்றத்து நீதிபதி ஸ்கெல்லி ரைட்டிடம் விரைந்தனர். அவர் தொலைபேசியிலே மருத்துவரோடு பேசினார். பேச்சு மட்டும் போதாதென்று, தாமே மருத்துவமனைக்கு வந்துவிட்டார். கணவனைக் கண்டார். நீதிமன்றம் ஆணையிடுமானால் பொறுப்பு தன்னுடையதல்ல என்றான் அவன். கட்டிலருகே சென்றார். சாவின் விளிம்பிலே கிடந்தவளின் உதடுகளிலிருந்து தெளிவாக வெளிவந்தது ஒன்றே ஒன்றுதான்—“என் விருப்பத்திற்கு மாறாக.” நீதிமன்றம் இசைவளித்தால் எதிர்ப்பாயா என்று கேட்டார். அப்போது அது தன் பொறுப்பாகாது என்னும் பொருள்பட ஏதோ தெரிவித்தாள்; நீதிபதிக்கு விளங்கிய அளவிலே அப்படி. மாலை 5.20 மணிக்கு ஆணை கையெழுத்தாயிற்று. குருதி ஏறிற்று. அவள் பிழைத்தாள்.

நல்லதுதானே செய்தார் நீதிபதி என்று தோன்றுகிறதல்லவா? அதே நீதிமன்றத்திலேயே அப்படித் தோன்றாதவர் இருந்தார். 1964-ல் அவ்வழக்கு மறு விசாரணைக்கு வேண்டப்பட்டுத் தள்ளப்பட்டபோது, வாரன் பர்கர் என்னும் நீதிபதி—1969-ல் அந்நாட்டின் தலைமை நீதிபதியானவர்—தம் கருத்துவேற்றுமையை எழுதி வைத்தார். தன்னைத் தன் போக்கிலே விட்டுவிடும்படி கேட்கும் உரிமை மனிதனுக்கு உண்டு. அறிவுடையோர் மடமையென்று கருதும் எண்ணத்தைக் கொண்டவனுக்கும் உண்டு. எல்லாத் துன்பத்துக்கும் நீதிமன்றத்திலே மருந்து கிடைக்காது—இதுதான் அவர் எழுதியதன் சாரம்.

இந்த வரலாற்றை எங்கள் ஊர்ப் படிப்பகத்திலே ஒரு மாலை எடுத்துச் சொன்னேன். அன்று இரத்ததான முகாம். முழங்கை மடிப்பிலே பஞ்சை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தனர் இளந்தோழர்கள். ஒருவர் கொதித்தார்: “இதிலென்ன ஆராய்ச்சி! கட்டிப் போட்டாவது ஏற்ற வேண்டியதுதானே!” மற்றொருவர் சிரித்தார்: “வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். அவர்கள் ஆண்டவனே வந்து காப்பாற்றட்டும்!” இரண்டுக்கும் கைதட்டல் கிடைத்தது. எனக்கோ இரண்டும் பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் சொல்லவும் அன்று எனக்குத் தெரியவில்லை. பள்ளியிலே வரலாறு சொல்லித்தரும் பழக்கத்தால், ஏடுகளைப் புரட்டினேன். கண்டதை எழுதுகிறேன்.

ஒருவன் குருதியை மற்றொருவனுக்கு ஏற்றும் கலை, எளிதிலே கிட்டியதன்று. குருதி உடலெங்கும் சுற்றி வருகிறதென்பதை ஆங்கில நாட்டு வில்லியம் ஹார்வி 1628-ல் எழுதி வெளியிட்டார். 1667-ல் பாரிஸ் மாநகரிலே டெனி என்னும் மருத்துவர், 15 வயதுச் சிறுவனுக்கு ஆட்டுக்குட்டியின் குருதியை ஏற்றினார். சிறுவன் பிழைத்தது அவன் நல்வாய்ப்பு! பின்னர் மோருவா என்பவனுக்குக் கன்றின் குருதியை ஏற்றி, அவன் இறந்துபோனான். வழக்கு வந்தது. அவனை மாய்த்தது குருதியன்று, மனைவி வைத்த நஞ்சே என்று டெனி விடுவிக்கப்பட்டார். ஆயினும், பாரிஸ் மருத்துவப் பேரவையின் இசைவின்றி இனி எவரும் குருதி ஏற்றலாகாது என்று 1668-ல் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆக, குருதி ஏற்றுவதற்கு வந்த முதல் தடையை விதித்தது மதமன்று. அறியாமல் செய்த மருத்துவத்தைக் கண்டு அஞ்சிய நீதிமன்றம்!

ஒன்றரை நூற்றாண்டு உறக்கம். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல், மகப்பேற்றின்போது குருதி கொட்டி மாளும் தாய்மாரைக் கண்டு நெஞ்சம் பதைத்து, 1818 முதல் மனிதக் குருதியையே மனிதனுக்கு ஏற்றிப் பார்த்தார். சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. வியன்னாவிலே கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ல் விளக்கினார்: குருதியிலே வகையுண்டு, வகை மாறினால் ஒன்றையொன்று திரட்டிக் கட்டியாக்கிவிடும். சாதியாலும் சமயத்தாலும் நிறத்தாலும் மனிதரைப் பிரித்து வைத்திருந்த உலகத்துக்கு, அந்தப் பிரிவு எதையும் மதிக்காத பிரிவொன்று குருதிக்குள்ளே இருக்கிறதென்று காட்டிய அப்பெருமகனுக்கு 1930-ல் நோபல் பரிசு கிட்டியது. 1914-ல் குருதி உறையாமல் காக்கச் சிட்ரேட் உப்பு பயன்பட்டது. 1937-ல் சிக்காகோவிலே குக் கவுண்டி மருத்துவமனையில் இரத்த வங்கி எழுந்தது. இரண்டாம் உலகப் போரிலே, களத்தில் வீழ்ந்த எத்தனையோ வீரர்களை எழுப்பியது முன்பின் அறியாதார் தந்த குருதி.

அந்தப் போர் முடிவுற்ற 1945-ஆம் ஆண்டிலேதான், காவற்கோபுரம் என்னும் ஏட்டிலே கட்டளை வெளிவந்தது—குருதி ஏற்றுதல் பாவம்!

யார் இவர்கள்? அமெரிக்காவிலே பிட்ஸ்பர்க் நகரத்தில், துணி வணிகரான சார்லஸ் ரசல் என்பார் மதநூலை ஆராயத் தொடங்கி, 1879-ல் ஓர் ஏட்டைத் தொடங்கினார். அந்த வட்டம் வளர்ந்து, பிளவுபட்டு, 1931-ல் யெகோவாவின் சாட்சிகள் என்று பெயர் சூட்டிக் கொண்டது. குருதிக்கு அவர்கள் காட்டும் ஆதாரம் ஆதியாகமம், லேவியராகமம், அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆகிய பகுதிகள். ‘இரத்தத்தைப் புசியாதே’, ‘இரத்தத்துக்கு விலகியிரு’ என்பவை அங்குள்ள விதிகள். மதுவைத் தொடாதே என்று மருத்துவர் சொன்னால், வாயால் குடிக்காமல் ஊசியால் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள் அவர்கள். கேட்பதற்குக் கூர்மையாகத்தான் இருக்கிறது! ஆனால் மது உடலுக்குள் சென்று எரிபொருளாகிறது. ஏற்றிய குருதியோ உணவாகச் செரிப்பதில்லை, குருதியாகவே ஓடுகிறது, மூச்சுக்காற்றைச் சுமக்கிறது. உண்பதன்று அது, உறுப்பொன்றைப் பெறுவது போன்றது. இன்னொன்றும் நோக்கத்தக்கது. லேவியராகமத்தை உயிரினும் மேலாக மதிக்கும் யூதர்கள், இறைச்சியை நீரிலே ஊறவைத்து, உப்பிட்டு, குருதி வடித்தபின்பே சமைக்கிறவர்கள். அந்த யூதர்களுக்குக் குருதி ஏற்றிக்கொள்வதிலே தடையில்லை; உயிரைக் காப்பது பிற விதிகளை விலக்கும் என்பது அவர்கள் சமயநெறி. நூல் ஒன்றுதான். அதிலிருந்து ஒருவர் சமையலறைக்கு விதி எடுத்தார். மற்றொருவர் மருத்துவமனைக்கு விதி எடுத்தார்.

எழுதப்பட்டது மாறாது என்பார்கள். மாறியிருக்கிறது! 1931-ல் அக்குழுவின் ஏடு, அம்மை குத்திக்கொள்வதே ஆண்டவன் உடன்படிக்கைக்கு மாறானது என்றது. 1952-ல், அது அவரவர் விருப்பம் என்றாயிற்று. 1967-ல், பிறர் உறுப்பைப் பொருத்திக்கொள்வது மனிதனை மனிதன் தின்பதற்கு ஒப்பாகும் என்று எழுதினர். 1980-ல், அதுவும் அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது என்று தளர்த்தினர். குருதியைப் பொறுத்தோ 1961-ல் கடுமை ஏறிற்று: ஏற்றிக்கொண்டு வருந்தாதவர் குழுவிலிருந்து நீக்கப்படுவார். பின்னர் அதிலும் பிளவு கண்டனர். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா ஆகிய நான்கும் கூடாது. அவற்றிலிருந்து பிரித்தெடுத்த சிறு கூறுகளை, ஆல்புமினையும், நோயெதிர்ப்புப் புரதங்களையும், உறைவுக் கூறுகளையும், ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனச்சான்று என்று 2000-ல் எழுதினர். அந்தக் கூறுகள் எங்கிருந்து வருகின்றன? ஆயிரக்கணக்கானவர் தானம் செய்த பிளாஸ்மாவிலிருந்து. சாட்சிகள் குருதி தானம் செய்வதில்லை. இதைப் படித்தபோது நான் சற்றுக் கோபங்கொண்டேன் என்பதை மறைப்பானேன்!

கோபம் எளிது. கோபத்தோடு ஏட்டை மூடியிருந்தால், நானும் அந்த மாலை கைதட்டியவர்களோடு சேர்ந்திருப்பேன். மூடாமல் புரட்டியபோது வேறொரு பக்கம் எதிர்ப்பட்டது.

ஜெர்மனி. 1933. இட்லர் ஆட்சி. கை உயர்த்தி வணங்கு என்றது ஆணை. பேராசிரியர் உயர்த்தினர், பேராயர் உயர்த்தினர், தொழிலதிபர் உயர்த்தினர். உயர்த்தவில்லை இந்தச் சாட்சிகள்! படையிலே சேர் என்றபோது சேரவில்லை. சிறைக்கூடங்களிலே அவர்களுக்கென்று ஊதா நிற முக்கோணம் உடையிலே தைக்கப்பட்டது. மற்றக் கைதிகளுக்கு இல்லாத வாய்ப்பொன்று அவர்களுக்கு இருந்தது: கொள்கையைக் கைவிட்டேன் என்று ஒரு தாளிலே கையொப்பமிட்டால் விடுதலை. பெரும்பாலோர் இடவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

நம் பக்கத்துக் கேரளத்திலேயே, 1985-ல், இக்குழுவைச் சார்ந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப் பண்ணைப் பாட மறுத்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். பண் ஒலிக்கையில் மரியாதையாக எழுந்து நின்றனர். வாய் மட்டும் அசையவில்லை. 1986 ஆகஸ்டிலே, நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களை உள்ளடக்கிய உச்ச நீதிமன்ற ஆயம், நீக்கியது தவறு என்று தீர்ப்பளித்தது. ஆசிரியனாகிய எனக்கு அந்தத் தீர்ப்பு ஒரு பாடம். என் வகுப்பிலே அப்படியொரு பிள்ளை நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விடை எனக்குப் பெருமை தருவதாக இல்லை.

ஆகவே, கோழைகளின் மடமையன்று இது. இட்லருக்கு ‘மாட்டேன்’ என்று சொன்ன அதே நெஞ்சுதான், மருத்துவருக்கும் ‘மாட்டேன்’ என்கிறது. ஒன்றைப் போற்றி மற்றொன்றைக் கட்டிப் போடுவது எங்ஙனம்? இந்த இடத்திலேதான் மருத்துவர் நிற்கிறார்; கையிலே குருதிப் பையோடு.

முதிர்ந்தவர் வேறு, குழந்தை வேறு. இதிலே ஐயமில்லை, தயக்கமும் இல்லை. 1944-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. 9 வயதுச் சிறுமியைத் தெருவிலே மத ஏடு விற்க நிறுத்திய சாட்சிப் பெண்மணி பற்றியது. பெற்றோர் தாம் தியாகிகளாகலாம், தம் மக்களைத் தியாகிகளாக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்ற கருத்தை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. 1951 ஏப்ரலில் சிக்காகோவிலே பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இத்தீர்ப்பின் கருத்தே உயிர் கொடுத்தது. தாய்க்கும் சேய்க்கும் ‘ஆர்எச்’ வகை மாறுபட்டதால், குழந்தையின் சிவப்பணுக்கள் அழிந்துகொண்டிருந்தன. பெற்றோர் மறுத்தனர். நீதிமன்றம் காப்பாளரை அமர்த்தி, குருதி ஏற்றச் செய்தது. குழந்தை தேறியது. 1952-ல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் அதனைச் சரியென்றது. பேசத் தெரியாத அக்குழந்தைக்கு மதமேது? பெற்றோரின் மதம், பெற்றோருடையது.

ஆனால் குழந்தை என்றைக்கு முதிர்ந்தவர் ஆகிறார்? இங்கிலாந்திலே, 1990-ல், 16-ஐ எட்டச் சில திங்களே இருந்த ஒரு சிறுவனுக்குக் குருதிப் புற்றுநோய். பெற்றோரும் சாட்சிகள், அவனும் சாட்சி. அறிவுள்ள பிள்ளை, தன் வாயாலேயே மறுத்தான். நீதிபதி அவனை மருத்துவமனையிலே சென்று கண்டார். சாவு என்பதை அறிவான். அந்தச் சாவு எப்படி வரும், மூச்சுத் திணறி, கண்முன்னே பெற்றோர் துடிக்க எப்படி வரும் என்பதை அவன் முழுமையாக உணரவில்லை என்று கண்டு, ஏற்றும்படி ஆணையிட்டார். ஏற்றினர். வாழ்ந்தான். 18 வயது நிறைந்தது. இனி அவனை எவரும் கட்டாயப்படுத்த இயலாது. மறுத்தான். மாண்டான்.

என் வகுப்பிலே இருக்கிறார்கள் 15 வயதுப் பிள்ளைகள். ஒரு திங்கள் ஒரு நடிகரைப் போற்றுவர், மறு திங்கள் மறப்பர். ஆனால் சிலர், ஒரு சொல்லைப் பிடித்தால் விடமாட்டார்கள். அந்த ஆங்கிலச் சிறுவன் பற்றி எழுதுவதற்கு எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நீதிபதி செய்தது சரியென்றே இன்றும் எண்ணுகிறேன். வீண் என்று சொல்வார் சொல்லட்டும். அவனுக்கு இரண்டாண்டு கிடைத்தது. மனம் மாற இரண்டாண்டு. மாறவில்லை. மாறியிருக்கவும் கூடும்!

முதிர்ந்தவர் மறுத்தால், சட்டம் இன்று பர்கரின் பக்கமே சாய்ந்திருக்கிறது. கனடா நாட்டிலே 1979-ல் கார் விபத்தொன்றிலே சிக்கிய மாது, நினைவின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். அவள் பையிலே ஒரு சீட்டு: நான் யெகோவாவின் சாட்சி, எந்நிலையிலும் எனக்குக் குருதி ஏற்றலாகாது. மருத்துவர் சீட்டைக் கண்டார், ஏற்றினார். மகள் வந்து தடுத்தும் நிறுத்தவில்லை. அவள் பிழைத்தெழுந்து, வழக்குத் தொடுத்தாள்! உயிரைக் காத்தவர் மீதே வழக்கா என்று வியப்பீர். 1990-ல் ஒன்டாரியோ மேல் நீதிமன்றம், அவர் நல்லெண்ணத்தோடு செய்தாரென்பதை ஒப்புக்கொண்டே, ஒருவர் உடலை அவர் விருப்பத்துக்கு மாறாகத் தொட்டது குற்றம் என்று, 20,000 டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது.

சட்டம் வழி சொல்லிவிட்டது—தொடாதே என்று. தொடாமல் காப்பது எப்படி? அதைச் சட்டம் சொல்லவில்லை. மருத்துவர்தாம் தேட வேண்டியிருந்தது. தேடினார்கள்! என் உள்ளத்தைக் கவர்ந்த பகுதி இதுவே.

டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலே டென்டன் கூலி என்னும் இதய அறுவை வல்லுநர். இதயத்தைத் திறந்து அறுக்கும்போது, உடலின் குருதியை வெளியே ஒரு பொறி சுற்றவைக்கும். அந்தப் பொறியின் குழாய்களை முதலிலே பிறர் தந்த குருதியால் நிரப்புவது அந்நாள் வழக்கம். கூலி அதற்கு மாற்றாகச் சர்க்கரை கலந்த நீரால் நிரப்பினார். சாட்சிகளுக்கு இதய அறுவை செய்ய 1960-களின் தொடக்கத்திலே துணிந்தார். மடமைக்குத் துணைபோகிறார் என்று ஏசியோர் இருந்திருப்பர். 1977-ல் அவரும் துணை மருத்துவரும் கணக்கு வெளியிட்டனர்: குருதியின்றி 542 அறுவைகள், பிறந்து ஒரே நாளான சிசு முதல் 89 வயது முதியவர் வரை. 30 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 9.4. குருதி இழப்பே நேரடிக் காரணமாக இறந்தோர் மூவர்.

கூலியைத் தொடர்ந்து பலர் வழி கண்டனர். அறுவைக்குப் பல வாரம் முன்பே இரும்புச் சத்தைக் கொடுத்து, குருதியைப் பெருக்குதல். எலும்பு மச்சையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பிறப்பிக்கும் எரித்ரோபொய்டின் என்னும் மருந்து, 1989-ல் அமெரிக்காவிலே இசைவு பெற்றது. (அதன் சில வடிவங்களிலே ஆல்புமின் கலந்திருக்கும், அதைக் கூடச் சொல்லிவிட்டே போட வேண்டும்.) அறுக்கையில் சிந்தும் குருதியை உறிஞ்சி, கழுவி, அவருக்கே திருப்பித் தரும் பொறி. சோதனைக்கென்று நாள்தோறும் குழாய் குழாயாக எடுப்பதை விட்டு, குழந்தைகளுக்குரிய சிறு குழாயிலே சில துளி மட்டும் எடுத்தல். இதைப் படித்தபோது சிரித்தேன். நோயாளியைச் சோதிப்பதற்கென்றே அவன் குருதியை வற்றவைப்பது, கேள்வி கேட்டே மாணவனைக் கொல்லும் ஆசிரியர் கதைதான்! ஜப்பானிலே உடாகோ ஒகமோட்டோ என்னும் பெண் விஞ்ஞானி, மகப்பேற்றிலே குருதி கொட்டி மாளும் தாய்மாரைக் காக்க விழைந்து, கணவரோடு சேர்ந்து 1962-ல் டிரனெக்சாமிக் அமிலத்தைக் கண்டார். உறைந்த குருதி கரையாமல் காக்கும் மருந்து அது. 20,000-க்கு மேற்பட்ட விபத்து நோயாளிகளிடம் சோதித்து, அது உயிர் காப்பதை 2010-ல் மெய்ப்பித்தனர். லண்டன் பிளண்டெலின் நெஞ்சிலே எரிந்த அதே நெருப்பு!

கடைசியிலே நிகழ்ந்த விந்தையைக் கேளுங்கள். 100 மில்லி லிட்டர் குருதியிலே ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் குறைந்தால் ஏற்று என்பது நெடுநாள் வழக்கம். ஏன் 10? வழக்கம், அவ்வளவே! மருத்துவத்திலும் உண்டு வைதிகம். 1980-களிலே ஏற்றிய குருதி வழியே எய்ட்ஸ் பரவி, அந்த வழக்கத்தை அசைத்தது. ஏற்றாமலே தேறும் சாட்சிகளைக் கண்டு ஐயம் கொண்டோரும் இருந்தனர். 1999-ல் கனடாவிலே, கடும் நோயுற்ற 838 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு 10-க்குக் குறைந்தால், மறு பகுதிக்கு 7-க்குக் குறைந்தால் என்று ஏற்றிப் பார்த்தனர். குறைவாக ஏற்றப்பட்டவர்கள் குறைந்தது அதே அளவு நலமாக இருந்தனர். தேவையற்றதைத் தேவையென்று எண்ணி, பல்லாண்டுகள் ஏற்றி வந்திருக்கிறோம்! மறுத்தவர்களுக்காகக் கற்ற கலை, மறுக்காத கோடிக்கணக்கானோருக்கும் பயன்பட்டது.

“பார்த்தீர்களா, ஆண்டவன் கட்டளையே வென்றது” என்று ஒரு புரோகிதக் குரல் இந்த இடத்திலே எழும். எழட்டும். இதையும் கேட்டுச் செல்லட்டும். மத காரணத்தால் குருதி மறுத்து அறுவை செய்துகொண்ட 125 பேரை ஆராய்ந்து 1988-ல் வெளியிட்ட கணக்கு: ஹீமோகுளோபின் 10-க்கு மேலிருந்தவர்களில் மாண்டோர் நூற்றுக்கு 7, 6-க்குக் கீழே இருந்தவர்களில் மாண்டோர் நூற்றுக்கு 61. நெதர்லாந்து நாட்டிலே 2009-ல் வெளியான ஆய்வு: மகப்பேற்றிலே சாட்சிப் பெண்கள் இறக்கும் ஆபத்து, மற்றப் பெண்களுக்கு உள்ளதைப் போல் 6 மடங்கு. 10-லிருந்து 7 வரை மருத்துவ வைதிகம் தோற்றது. 6-க்குக் கீழே மத வைதிகம் தோற்கிறது. இரும்பும் மருந்தும் பொறியும் ஓரளவுக்குத்தான். அதற்குக் கீழே, குருதிக்கு மாற்று குருதியே.

அந்த ஆழத்திலே நோயாளி நிற்கும்போது மருத்துவர் செய்வதென்ன?

முதலிலே, அவரை மட்டும் தனியே கேட்க வேண்டும். இக்குழுவினர் மருத்துவமனைகளிலே தொடர்புக் குழுக்கள் வைத்திருக்கின்றனர். மூப்பர்கள் கட்டிலருகே வந்து நிற்பர். உதவவே வருகிறோம் என்பர், உதவுவதும் உண்டு. ஆனால் குருதியை ஏற்று வருந்தாதவரைக் குழு தன்னுள் வைப்பதில்லை; வெளியேறியவரோடு நட்பினர் பேசமாட்டார், உற்றாரும் ஒதுங்குவர். ‘வேண்டேன்’ என்னும் சொல், ஆண்டவனுக்கு அஞ்சி வந்ததா, அண்ணனுக்கு அஞ்சி வந்ததா? அத்தனை பேர் சூழ நிற்கையிலே எவரால் பிரித்துச் சொல்ல முடியும்! வாஷிங்டன் மாதுவிடம், குருதி வற்றி உயிர் ஊசலாடும் வேளையிலே கேட்டார் நீதிபதி. அவளும் ‘என் பொறுப்பாகாது’ என்றாள். எதனிலிருந்து விடுபட விழைந்தாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அறிவு தெளிவாக இருக்கும்போது, நோய் முற்றுமுன், கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

நல்ல மருத்துவர் முன்கூட்டியே கேட்கிறார். உறவினரையும் மூப்பரையும் வெளியே அனுப்புகிறார். இங்கே பேசுவது வெளியே செல்லாது என்கிறார். சிவப்பணு வேண்டாமா? சரி, ஆல்புமின்? உறைவுக் கூறு? உங்கள் குருதியையே பொறி கழுவித் தந்தால்? ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார். மறுத்தால் சாவு வரக்கூடும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறார். ஏளனம் செய்வதில்லை, மிரட்டுவதில்லை. எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம், நள்ளிரவிலும் மாறலாம், மாறினால் ஒரு சொல் போதும் என்று சொல்லி வைக்கிறார்.

இத்தனையும் அடுத்த வாரம் படிப்பகத்திலே சொன்னேன். கட்டிப் போடச் சொன்ன தோழர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு கேட்டார்: “தனியே கேட்டும், தெளிவாகச் சொல்லியும், மறுபடியும் வேண்டாமென்றால்?”

மறுபடியும் வேண்டாமென்றால், அதையும் எழுதிக்கொள்கிறார் மருத்துவர். குருதிப் பையைத் திருப்பி அனுப்புகிறார். இரும்பையும் மூச்சுக் காற்றையும் தொடர்கிறார். ஒரு துளியும் வீணாகச் சிந்தாமல் பார்த்துக்கொள்கிறார். வலி தெரியாமலிருக்க மருந்து தருகிறார். காலையிலே வந்து பார்க்கிறார், மாலையிலும் வருகிறார். சிரித்த தோழர் இப்போது சிரிக்கவில்லை. “விட்டுவிடுங்கள் என்றேனே, அது வேறு, இது வேறு” என்றார்.